அம்மாவுக்கு வந்தது டைப் 2 இல்லையாம்!

வணக்கம் மக்களே, இன்னிக்கு சமையல் இல்ல. அம்மா ஏன் இப்டி இளைச்சுப் போனாங்கன்னு கமெண்ட்ல நெறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதான் உக்காந்து பேசிடலாம்னு.

அம்மாவுக்கு 57 வயசுல சுகர்னு சொன்னாங்க. அந்த வயசுல சுகர்னா டைப் 2 தானே, யாரும் யோசிக்கவே இல்ல, மெட்ஃபார்மின், கூடவே கிளிமெபிரைடு, மொதல்ல நல்லாதான் கேட்டுச்சு, ஒரு வருஷம் கழிச்சு மாத்திரை கூட்டக் கூட்ட சுகரும் கூடுது, எச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சுகரச் சொல்ற டெஸ்ட், 11 கிட்ட போயிடுச்சு, எடை மட்டும் 52ல இருந்து 43. போற எடமெல்லாம் ஒரே பாட்டு, "சோத்தக் குறைங்கம்மா". அவங்க சாப்பிட்டதே ரெண்டு இட்லிங்க! நான் அதவிட மோசம், திருட்டுத்தனமா திங்கிறாங்கன்னு நெனச்சு சர்க்கரை டப்பாவ பீரோல வச்சுப் பூட்டிட்டேன். "நீயும் நம்பலையாடி"ன்னு ஒரே ஒரு தடவ கேட்டாங்க, அது இன்னும்... சரி விடுங்க.

அப்புறம் ஒரு டாக்டரம்மாகிட்ட போனோம். அவங்க கேட்ட மொத கேள்வியே தைராய்டு இருக்கான்னுதான். இருக்கு, 20 வருஷமா மாத்திரை. நம்ம எதிர்ப்பு சக்தியே தைராய்ட தாக்குற மாதிரி, கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்லையும் தாக்குமாம். காட் ஆன்டிபாடி, சி-பெப்டைடுன்னு ரெண்டு ரத்த டெஸ்ட் எழுதுனாங்க. மொதல்து அந்தத் தாக்குதலோட தடயம். ரெண்டாவது, உடம்பு இன்சுலின் செய்யும்போது கூடவே அதே அளவு சி-பெப்டைடும் வருமாம், அத அளந்தா நம்ம சொந்த சரக்கு எவ்ளோ மிச்சம்னு தெரிஞ்சிடும். அம்மாவுக்கு காட் பாசிட்டிவ், சி-பெப்டைடு அடிமட்டம். இதுக்குப் பேரு லாடா. டைப் 1 சாதிதான், மெதுவா வரும், அதான் ஆரம்பத்துல மாத்திரை கேக்குற மாதிரி ஏமாத்திடுது. கிளிமெபிரைடு கணையத்த விரட்டி இன்சுலின் வாங்குற மாத்திரை, செல்லே செத்துட்டு இருக்குறப்ப யார விரட்டுறது?

பிரிட்டன் பிரதமரா இருந்தாங்களே தெரசா மே, அவங்களுக்கே இதே கதைதான், 2012ல 56 வயசுல டைப் 2ன்னு மாத்திரை குடுத்தாங்க, கேக்கல, அடுத்த வருஷம் டைப் 1ன்னு இன்சுலினுக்கு மாத்துனாங்க. அங்கயே யூகேபிடிஎஸ்னு ஒரு பெரிய ஆய்வு, டைப் 2ன்னு சேத்தவங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு காட் ஆன்டிபாடி இருந்துச்சு.

இருங்க, குக்கர் விசில்... ஆங். ஒல்லியா இருக்குறவங்களுக்கெல்லாம் லாடான்னு கெளம்பிடாதீங்க, நம்மூர்ல ஒல்லியான டைப் 2 ஏகப்பட்ட பேரு. மாத்திரைய நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க, இந்த டெஸ்ட் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அவ்ளோதான்.

இப்போ அம்மாவுக்கு இன்சுலின், எடை 49. போன மாசம் ராத்திரி லோ சுகர், வேர்த்துக் கொட்டி கை நடுங்குது, நான் ஓடிப்போய் பீரோ சாவியத் தேடுறேன், கெடைக்கவே இல்ல. அந்த சர்க்கரை டப்பா இப்போ அவங்க தலைமாட்டுலதான் இருக்கு.