எல் யுங்கே வனமும் ஒரு கால் டாலர் நாணயமும்

நாணயவியல் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க நாணயச் சாலை 2010 முதல் 2021 வரை, மாநிலங்களுக்கும் ஆட்சிப் பகுதிகளுக்கும் தலா ஒன்றாக, 56 கால் டாலர் நாணயங்களை வெளியிட்டது. அவ்வரிசையில் 2012ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவுக்கு உரியதாக வந்த நாணயம், அத்தீவின் கிழக்கே உள்ள எல் யுங்கே வனத்தைச் சிறப்பிக்கிறது. அமெரிக்கத் தேசிய வனங்களில் வெப்பமண்டல மழைக்காடு இது ஒன்றுதான். 1876இல் ஸ்பெயின் மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோவின் ஆணையால் காக்கப்பட்ட இக்காட்டை, தீவு அமெரிக்காவின் வசமான பின் 1903இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் காப்புக்காடாக அறிவித்தார்.

சேகரிப்பாளர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. இவ்வரிசையில் சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலையின் 'எஸ்' அச்சுக் குறியோடு, புழக்கத்துக்கு விடாமல் சேகரிப்பாளர்களுக்கென்றே சாதாரண மெருகில் அச்சிட்டு விற்கும் வழக்கம் இந்த நாணயத்திலிருந்துதான் தொடங்கியது.

24.26 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்துக்குள் மலையையோ அருவியையோ செதுக்கியிருக்கலாம். வடிவமைப்பாளரோ இலைமேல் அமர்ந்த கோக்கி என்னும் மரத்தவளையையும், மரத்தில் ஒட்டி வளரும் செடியின் பின்னே ஒரு கிளியையும் தேர்ந்தார். இதுவே சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் மலை எங்கும் போய்விடாது, அந்தக் கிளியோ அழிவின் விளிம்புவரை சென்று வந்த உயிர்.

பச்சை உடலும் சிவந்த நெற்றியும் கொண்ட போர்ட்டோ ரிக்கோக் கிளி ஒருகாலத்தில் தீவெங்கும் பறந்தது. வேளாண்மைக்காகக் காடுகள் வெட்டப்பட்டதாலும், வேட்டையாலும், வளர்ப்புக்காகக் குஞ்சுகள் பிடிக்கப்பட்டதாலும் அது எல் யுங்கேக்குள் ஒடுங்கியது. 1975இல் காட்டில் எஞ்சியவை 13 கிளிகள் மட்டுமே. முதிய மரங்களின் பொந்துகளில் முட்டையிடும் இப்பறவைக்குப் பொந்துகளே அரிதாகிவிட்ட நிலையில், வனப் பணியாளர்கள் செயற்கைக் கூடுகளை அமைத்தார்கள். பொந்துக்குப் போட்டியிட்ட பிற பறவைகளைக் கண்காணித்தார்கள். கூண்டுகளில் இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சுகளை வளர்த்தார்கள். 1989இல் ஹியூகோ சூறாவளி காட்டுக் கிளிகளை ஏறத்தாழப் பாதியாக்கிய பின்னும் அவர்கள் ஓயவில்லை. ஒரே காட்டை நம்பியிருப்பது ஆபத்து என்று உணர்ந்து, 2006இல் தீவின் மேற்கே ரியோ அபாஹோ வனத்திலும் கிளிகளை விடுவித்தார்கள்.

அந்த முன்யோசனையின் அருமை 2017இல் விளங்கியது. நாணயம் வெளிவந்த ஐந்தே ஆண்டுகளில் மரியா சூறாவளி வீசி, எல் யுங்கேயில் சுதந்திரமாகத் திரிந்த கிளிக்கூட்டத்தையே அழித்துவிட்டது. கூண்டுகளிலும் ரியோ அபாஹோவிலும் உயிர்பிழைத்தவற்றின் துணையால்தான் 2020இல் மீண்டும் எல் யுங்கேயில் கிளிகளைப் பறக்கவிட முடிந்தது.

ஆகவே அன்பர்களே, கண்காட்சியில் இந்த நாணயத்தை வைப்பவர்கள், உலோகக் கலவையையும் அச்சுக் குறியையும் எழுதும் விளக்க அட்டையில் 1975, 2017, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளின் செய்தியையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.