பழைய நாடக அரங்கை எப்படிப் பார்ப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, பழுதுபார்த்துத் திறக்கப்பட்ட பழைய நாடக அரங்கு சில சிறு நகரங்களில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கூரை அழகுதான். ஆனால் அந்தக் கட்டடம் வேலை செய்யும் விதம் அதைவிட அழகு. அதைப் பார்க்காமல் வரக்கூடாது.

உள்ளே நுழையும் முன் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு சுற்று போய் வாருங்கள். மேடைக்கு நேர் மேலே மட்டும் கூரை பெட்டிபோல எழும்பி நின்றால், காட்சிப் படுதாக்களை அப்படியே மேலே தூக்கி மறைக்க இடம் உண்டு என்று பொருள். மேடைத் தளத்திலிருந்து அந்த உயரம், பார்வையாளர்களுக்கு மேடை தெரியும் திறப்பின் உயரத்தைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். திறப்பு 7 மீட்டர் உயரம் என்றால் இது 17 மீட்டருக்குக் குறையாது. அவ்வளவு உயரம் இல்லாத அரங்கில் படுதாவைச் சுருட்டியோ மடித்தோதான் ஏற்ற முடியும்.

உள்ளே போனதும் வழிகாட்டியிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: "எந்த ஆண்டில் இருந்ததுபோல இதைச் சீரமைத்தீர்கள்?" இந்தக் கேள்வி முக்கியம். நூறு ஆண்டு நின்ற அரங்கு ஒரே தோற்றத்தில் இருந்திருக்காது. எரிவாயு விளக்கு போய் மின்விளக்கு வந்திருக்கும். இடையில் சினிமாக் கொட்டகையாகி, பால்கனியின் பின்னால் புரொஜக்டர் அறை முளைத்திருக்கும். எதை வைத்துக்கொள்வது, எதை இடிப்பது என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். சினிமாக் காலத்தில் அடித்த பொய்க்கூரையும் பலகையும், அடியில் இருந்த பழைய சுதை வேலையைக் கெடாமல் காத்துக் கொடுத்ததும் உண்டு. நல்ல சீரமைப்பாளர்கள் சுவரில் ஓரிடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பழைய வண்ணங்களை அடுக்கடுக்காகச் சுரண்டி அப்படியே விட்டிருப்பார்கள். அது எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

பொன்னிற வேலைப்பாட்டையும் கவனியுங்கள். தங்கரேக்கு ஒட்டியது நிறம் மாறாது. வெண்கலப் பொடி கலந்த பெயின்ட் நாளடைவில் கறுத்துப் பழுப்பாகிவிடும்.

கூரையின் அழகுக்குப் பின்னால் ஆபத்தும் இருக்கிறது. பல பழைய அரங்குகளில் சுதைக்கூரை கனமான தகடுகளாக வார்க்கப்பட்டு, சாந்தில் தோய்த்த சாக்குத்துணிக் கட்டுகளால் மேலே மரச்சட்டத்தில் தொங்கும். ஆண்டுகள் போகப்போக அந்தத் துணி நைந்துவிடும். மழைத்தண்ணீர் கசிந்தால் இன்னும் சீக்கிரம். 2013 டிசம்பரில் லண்டன் அப்பல்லோ அரங்கில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே கூரையின் ஒரு பகுதி விழுந்து பலர் காயமடைந்ததற்கு இந்தக் கட்டுகள் வலுவிழந்ததே காரணம். கூரைக்கு மேலே ஏறிப் பார்த்துச் சோதிக்க நடைபாதை போட்டிருக்கிறார்களா என்று கேட்பது வீண் கேள்வி இல்லை.

கதவுகள் வெளிப்புறம் திறக்கின்றனவா என்று பாருங்கள். 1903-இல் சிகாகோவின் இராக்வா அரங்கில் பற்றிய தீயில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கி நின்றது. பல வாசல்கள் திறக்கவில்லை. இன்று அரங்குகளில் நீங்கள் பார்க்கும் பாதுகாப்பு விதிகள் பலவும் இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு வந்தவை.

மாலையில் நாடகம் இருந்தால் கட்டாயம் இருந்து பாருங்கள். பால்கனிக்கு அடியில் கடைசி வரிசைகளை மட்டும் எடுக்காதீர்கள். தலைக்கு மேல் தாழ்ந்த தளம் இருப்பதால் கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி அங்கே வந்து சேராது. பேச்சு மங்கிக் கேட்கும். மேல்மாடியில் கால் நீட்ட இடம் குறைவு, ஆனால் குரல் தெளிவாக வரும். வார்ப்பிரும்புத் தூண் எதற்கும் பின்னால் இருக்கை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வசனத்துக்கு ஒலி ஏறத்தாழ ஒரு வினாடியில் அடங்குவது நல்லது. சீரமைப்பின்போது கனத்த கம்பளமும் தடித்த மெத்தையும் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டால் அரங்கு ஊமையாகிவிடும்.

மேடைக்குப் பக்கவாட்டில் போக அனுமதி கிடைத்தால் அங்கேதான் அதிக நேரம் நில்லுங்கள். சுவரோரமாகக் கயிறுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் இரும்புக் கட்டிகள் அடுக்கிய ஒரு சட்டத்தை ஏற்றி இறக்கும்; அந்தச் சட்டத்திலிருந்து கம்பிவடங்கள் மேலே கப்பிகளில் ஓடி, மறுபக்கம் படுதா தொங்கும் குழாயைத் தாங்குகின்றன. இரண்டும் சம எடையானால் 200 கிலோவையும் ஒருவரே இழுத்துவிடலாம். ஏற்றும்போது முதலில் குழாயில் படுதாவைக் கட்டுவார்கள், பிறகுதான் மேலே கட்டிகளை வைப்பார்கள். இறக்கும்போது முதலில் கட்டிகளை எடுப்பார்கள், பிறகுதான் படுதாவை அவிழ்ப்பார்கள். வரிசை மாறினால் கட்டிகள் மேலிருந்து சரிந்து விழும். வெறுங்குழாய் மேலே பாய்ந்து மோதும். கயிற்றைக் கையால் பிடித்து நிறுத்தப் போனால் தோல் உரிந்துவிடும்.

அதனால் எந்தக் கயிற்றையும் தொடாதீர்கள். அது சும்மா தொங்குவதுபோலத் தெரிந்தாலும் மேலே எடை இருக்கும். மாலையில் காட்சி மாறும்போது அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கப்பிகள் உருளும் சத்தம் முன்வரிசைக்கு மெல்ல எட்டும்.

வணக்கம்.