எதிரில் இருப்பவருடைய வேதாகமத்திலிருந்து பேசுங்கள்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

கத்தோலிக்கரும் சுவிசேஷ சபையாரும் வேதத்தை விரித்துவைத்துப் பேச உட்கார்ந்தால், பேச்சு தொடங்குமுன்பே ஒரு சிக்கல் எழும்: எந்தப் பைபிளை வைத்துப் பேசுவது? ஒருவர் கையில் பரிசுத்த வேதாகமம், மற்றவர் கையில் திருவிவிலியம். ஒருவர் கிருபை என்பார், மற்றவர் அருள் என்பார். ஒருவர் அப்போஸ்தலருடைய நடபடிகளை எடுக்கச் சொல்வார், மற்றவர் அது திருத்தூதர் பணிகள் என்று தெரியாமல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

என் யோசனை இதுதான். இரண்டு நூல்களும் மேசைமேல் இருக்கட்டும். ஆனால் ஒவ்வொருவரும் தம் வாதத்தை எதிரில் இருப்பவருடைய நூலிலிருந்து எடுத்துவைக்க வேண்டும். அங்கேயும் நிற்கிற வாதத்தை நம்பலாம். சொந்தப் பைபிளில் மட்டும் நிற்கிற வாதத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுக்கவே கூடாது.

சுவிசேஷ சபைகளில் பெரும்பாலோர் வாசிப்பது 1871இல் முழுமையாக வெளிவந்த, பவர் ஐயர் தலைமையில் உருவான பழைய மொழிபெயர்ப்பு, அதாவது பரிசுத்த வேதாகமம். கத்தோலிக்கர் வாசிப்பது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, அதாவது திருவிவிலியம். பலர் இதை 'ஆர்.சி. பைபிள்' (ரோமன் கத்தோலிக்கப் பைபிள்) என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. கத்தோலிக்க அறிஞர்களும் சீர்திருத்தத் திருச்சபை அறிஞர்களும் சேர்ந்து உழைத்த நூல் அது. இப்படிச் சேர்ந்து மொழிபெயர்ப்பதற்கான நெறிமுறைகளை உலக வேதாகமச் சங்கங்களும் வத்திக்கானும் 1968இலேயே வகுத்துவிட்டன.

இனி, விவாதத்தின் மையத்துக்கே போவோம். மனிதர் கடவுள் முன் எப்படி நீதிமான் ஆகிறார்? தேவன் பாவியை நீதிமான் என்று தீர்ப்புச் சொல்கிறார் என்பது சுவிசேஷ சபையாரின் போதனை. கடவுள் அவரை உள்ளுக்குள் நீதிமானாகவே மாற்றுகிறார் என்பது கத்தோலிக்கப் போதனை. இப்போது இரண்டு நூல்களையும் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் உள்ள சொல் 'நீதிமானாக்கப்படுகிறான்'. ஆக்குதல் என்பது மாற்றுதல் அல்லவா? பொது மொழிபெயர்ப்பில் உள்ள சொல் 'ஏற்புடையவர்'. அது கடவுள் முன் ஒருவருக்கு உள்ள நிலையைச் சொல்கிறது. அதாவது, ஒவ்வொரு தரப்பும் கையில் வைத்திருக்கும் நூலின் சொல், எதிர்த்தரப்பின் போதனைக்குத்தான் நெருக்கமாக ஒலிக்கிறது! ஆகவே இந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு யாரும் வெல்ல முடியாது. ரோமர் 4ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமுக்கு நீதியாக 'எண்ணப்பட்டது' என்று வருகிறது. 5ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்தில் அநேகர் நீதிமான்களாக்கப்படுவார்கள் என்று வருகிறது. இந்த இரண்டு அதிகாரங்களையும் முழுதாக வாசித்த பிறகே பேசத் தொடங்குங்கள்.

அதே ரோமர் நிருபத்தில் 3:28ஐப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பு 'விசுவாசத்தினாலேயே' என்கிறது. அந்த ஏகாரத்தை அழுத்தி வாசித்து, விசுவாசம் மட்டுமே என்று பவுல் எழுதிவிட்டதாக வாதிடுவோர் உண்டு. அந்த வசனத்தின் கிரேக்கத்தில் 'மட்டும்' என்ற சொல் கிடையாது. அந்தச் சொல் வருவது யாக்கோபு 2:24இல், 'விசுவாசத்தினாலே மாத்திரமல்ல' என்ற இடத்தில். விசுவாசம் மட்டுமே என்ற போதனைக்குப் பவுலிடம் வேறு ஆதாரங்களை எடுத்து வாதிடலாம், அதற்கு இடம் இருக்கிறது. ஏகாரத்தின்மேல் மட்டும் கட்டடம் எழுப்பினால், யாக்கோபைத் திறந்ததும் அது சரிந்துவிடும்.

பாரம்பரியம் பற்றிய பேச்சில் வேறொரு பள்ளம். பாரடோசிஸ் என்ற ஒரே கிரேக்கச் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு மூன்று விதமாகத் தருகிறது. இயேசு பரிசேயரைக் கண்டிக்கும் மாற்கு 7:8இல் அது 'பாரம்பரியம்'. பவுல் கைக்கொள்ளச் சொல்லும் 2 தெசலோனிக்கேயர் 2:15இல் 'முறைமைகள்'. 1 கொரிந்தியர் 11:2இல் 'கட்டளைகள்'. இதை வாசிப்பவருக்கு, வேதம் பாரம்பரியத்தைக் கண்டிக்க மட்டுமே செய்கிறது என்று தோன்றுவது இயல்பு. எனவே இந்தத் தலைப்புக்கு மூன்று வசனங்களையும் ஒரே தாளில் எழுதி, மூன்றிலும் மூலச்சொல் ஒன்றே என்று குறித்து, எல்லாருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஆனால் சொல் ஒன்று என்பதால் மட்டும் கத்தோலிக்கப் பாரம்பரியம் முழுவதும் நிரூபணமாகிவிடாது என்பதையும் கத்தோலிக்கர் ஏற்க வேண்டும். பவுல் கொடுத்த முறைமைகள் எவை என்ற கேள்வி அப்படியே மிச்சம் இருக்கிறது.

மரியாளைப் பற்றிப் பேசும்போது லூக்கா 1:28க்கு வருவீர்கள். 'கிருபை பெற்றவளே' என்பதற்கும் 'அருள்மிகப் பெற்றவரே' என்பதற்கும் இடையே உள்ள தூரம் சிறியது. 'அருள் நிறைந்த' என்பது மரியாளை நோக்கிக் கத்தோலிக்கர் சொல்லும் ஜெபத்திலும் பழைய லத்தீன் மொழிபெயர்ப்பிலும் உள்ள சொல். அதை வசனமாக மேற்கோள் காட்டாதீர்கள்.

அடுத்து, 73 நூல்களா, 66 நூல்களா என்பது. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, இரண்டு மக்கபேயர் நூல்கள் என ஏழு நூல்களும், எஸ்தர், தானியேல் நூல்களின் கூடுதல் பகுதிகளும் கத்தோலிக்கப் பதிப்பில் உண்டு. முதல் சந்திப்பிலேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: இந்த நூல்களை வரலாற்றுச் சான்றாக எவரும் காட்டலாம், போதனைக்கான முடிவான ஆதாரமாகக் காட்டக் கூடாது. இது கத்தோலிக்கருக்கு இழப்புதான். இறந்தோருக்காக வேண்டுவதற்கு அவர்கள் முதலில் எடுப்பது 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரம். ஆனாலும் இயேசுவின் காலத்துக்கு முன்பே யூதரிடையே அந்த வழக்கம் இருந்ததற்குச் சான்றாக அதை வைக்கலாம். சுவிசேஷ சபையாரும் அந்த நூல்களை ஒருமுறையாவது வாசிப்பது நல்லது. எபிரெயர் 11:35இல் விடுதலையை ஏற்காமல் வாதிக்கப்பட்டவர்கள் யார் என்று தேடினால், 2 மக்கபேயர் 7ஆம் அதிகாரத்தில் வரும் தாயும் ஏழு மகன்களும்தான் கண்ணுக்குத் தெரிவார்கள்.

மிகவும் மனவருத்தம் உண்டாக்கும் குற்றச்சாட்டு, 'வசனத்தை வெட்டிவிட்டார்கள்' என்பது. 1 யோவான் 5:7இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்ற வாக்கியம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது, பொது மொழிபெயர்ப்பின் பாடத்தில் இல்லை. இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. பழையது அக்காலத்தில் அச்சில் இருந்த கிரேக்கப் பாடத்தைப் பின்பற்றியது. பழமையான கிரேக்கக் கைப்பிரதிகளில் அந்த வாக்கியம் இல்லை. கத்தோலிக்கர் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய லத்தீன் பதிப்பிலோ அது இருந்தது! திரித்துவத்தை இரு தரப்பும் நம்புகிறார்கள், அதற்கு இந்த வசனம் தேவையும் இல்லை. மத்தேயு 6:13இல், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தின் கடைசியில் வரும் 'ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்' என்ற முடிவுரையும் இப்படித்தான். கத்தோலிக்கர் திருப்பலியில் அதைச் சொல்லத்தான் செய்கிறார்கள்.

எண்களிலும் தடுக்கி விழலாம். பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில், நாம் 23ஆம் சங்கீதம் என்பது 22ஆக இருக்கும். கிரேக்க, லத்தீன் பாடங்களில் 9உம் 10உம் ஒன்றாகச் சேர்ந்திருப்பதே காரணம். தானியேல் 3ஆம் அதிகாரத்தில் 23ஆம் வசனத்துக்குப் பிறகு சில பதிப்புகளில் நீண்ட பாடல் வரும், அதற்கப்பால் எண்கள் ஒத்துப்போகாது. ஆகவே எண்ணோடு வசனத்தின் முதல் இரண்டு சொற்களையும் சொல்லுங்கள். கைப்பேசியில் வாசிப்பவர் எந்த மொழிபெயர்ப்பு என்பதை முதலில் சொல்லட்டும். அடிக்குறிப்பை வசனம்போல வாசிக்க வேண்டாம். எளிய நடைப் பதிப்புகள் தனி வாசிப்புக்கு நல்லவை, விவாதத்துக்கு உதவா. விளக்கத்தையே வசனமாக எழுதியிருக்கும் இடங்கள் அவற்றில் உண்டு.

ஆங்கிலத்திலும் ஒப்பிட விரும்புவோருக்கு வழி எளிது. சுவிசேஷ சபையார் விரும்பி வாசிக்கும் இ.எஸ்.வி. (English Standard Version) மொழிபெயர்ப்புக்கு 2018இல் இந்தியாவிலேயே கத்தோலிக்கப் பதிப்பு வந்தது. 2020 முதல் இங்கே ஆங்கிலத் திருப்பலி வாசகங்களும் அதிலிருந்துதான். ஒரு சில மாற்றங்களைத் தவிர, இருவர் கையிலும் இருப்பது ஒரே பாடம். தமிழில் ஒரு சொல்லில் பேச்சு சிக்கிக்கொள்ளும்போது அதைத் திறந்து பாருங்கள்.

நன்றி. வணக்கம்.