மாமாவின் டயானாவும் ஆவாரம்பட்டைத் தோலும்

நேயர்களுக்கு வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரன். முப்பது வருடத்துக்கு மேல் லேத் பட்டறையில் நின்றவன். பம்புசெட் ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து பழகிய கைக்கு நான்கு வருடம் முன்னால் ஒரு பழைய ஏர்கன், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, வந்து சேர்ந்தது. அதைச் சரிசெய்த விதத்தையும், அதற்கு உதிரி பாகம் தேடி அலைந்ததையும் இன்று சொல்கிறேன்.

துப்பாக்கி என் தாய்மாமாவுடையது. சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தார். அவர் போன பிறகு தோப்பு வீட்டுப் பரணிலிருந்து அத்தை ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார். "மாப்பிளே, இது உங்க மாமா கை பட்ட சாமான். பழைய இரும்புக்குப் போட மனசு வரலை. நீ கொண்டு போ" என்றார். குழலை மடக்கினால் உள்ளே கரகரவென்று சத்தம். ஸ்பிரிங் உடைந்திருந்தது.

துணியால் துடைத்ததும், வில்லைக் கீழே போட்டுவிட்டுத் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்த ஒரு பெண்ணின் முத்திரை தெரிந்தது. டயானா, 27-ஆம் மாடல். ஜெர்மனியில் ராஸ்டாட் என்ற ஊரில் 1890-ல் தொடங்கிய கம்பெனி. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கம்பெனியின் இயந்திரங்களும் டயானா என்ற பெயரும் பிரிட்டனில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டன. ஸ்காட்லாந்தில் மில்ப்ரோ என்பவர்கள் அதே பெயரில் செய்தார்கள். ஜெர்மன்காரர்கள் 1950-ஐ ஒட்டி மறுபடி ஆரம்பித்தார்கள். அதனால் டயானா என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, எந்த நாட்டில் செய்தது என்றும் பார்க்க வேண்டும். ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தும் என்று நம்பிப் பணம் அனுப்பக் கூடாது. ஜெர்மன் துப்பாக்கியின் உருளையில், அதாவது ஸ்பிரிங்கும் பிஸ்டனும் இருக்கும் குழாயில், மாதமும் வருடமும் சின்ன எண்ணாகக் குத்தியிருப்பார்கள். துருவைச் சுரண்டும் அவசரத்தில் அதை அழித்துவிடாதீர்கள்.

அடுத்து குழலின் அளவு. நம் நாட்டில் 2016-ஆம் வருட ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும் சக்தி 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டாம். டயானா 27, 5.5 மில்லிமீட்டரிலும் உண்டு. மாமாவுடையது 4.5. அதை அளந்து பார்த்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரையே எடுத்தேன். நம்முடையது காட்டோரப் பகுதி. பறவையோ முயலோ எதுவானாலும் அதன் மேல் குறி வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காகிதமும் பலூனும் போதும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன், அதன் நுனியில் கிண்ணம் போன்ற தோல் வாஷர், முன்னால் காற்று. பம்பில் நம் கை தள்ளுகிறது, இங்கே குழலை மடக்கும்போது அமுங்கிப் பூட்டிக்கொள்ளும் ஸ்பிரிங், விசையை இழுத்ததும் தள்ளுகிறது. காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே சூடு இங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் பல மடங்கு உண்டாகும். எண்ணெய் அதிகமாக இருந்தால் அது பற்றிக்கொண்டு புகை வரும், வாஷரும் ஸ்பிரிங்கும் கெடும். மாமா வருடக் கணக்காகத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். நம் ஊரில் எதற்கும் அதுதானே மருந்து! ஆனால் மார்கழிக் காலையில் உறையும் எண்ணெய் அது. உள்ளே பிசினாகி, வாஷரை உருளையோடு ஒட்டி வைத்திருந்தது.

பிரிக்கும்போது கவனம் வேண்டும். ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் அமுங்கித்தான் இருக்கும். பின் மூடியைக் கையால் திருகிக் கழற்றினால் முகத்தில் பாயும். நான் லேத்தில் உருளையை மரக்கட்டை வைத்துத் தாங்கி, லேத்தின் மறுமுனையில் நகர்ந்து வந்து அழுத்தும் டெயில்ஸ்டாக்கால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக விட்டேன். இந்த மாடலில் பிஸ்டன் தண்டைப் பிடித்து நிறுத்துவது மூன்று எஃகுக் குண்டுகள். என்னிடம் இரண்டுதான் வெளியே வந்தன. மூன்றாவதைப் பட்டறைத் தரை முழுக்கத் தேடினேன். கடைசியில் தேங்காய் எண்ணெய்ப் பிசினில் உள்ளேயே ஒட்டியிருந்தது. தொலைந்தால் மூன்றையும் அளந்து ஒரே அளவில் மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் ஒரு நூல் கூடினாலும் பாரம் முழுக்க அதன் மேல் விழும்.

வாஷருக்குத்தான் அதிகம் அலைந்தேன். ஆனைமலை மாசாணியம்மன் திருவிழாவில் பலூன் சுடும் கடை வைத்திருந்தவரிடம் போய் நின்றேன். பகலெல்லாம் ஓயாமல் சுடப்படும் துப்பாக்கிகள் அவருடையவை. "அண்ணா, கடைத் தோல் வாங்காதீங்க. பதம் பார்த்து வாங்குங்க" என்றார். அவர் சொன்னதன் பொருள் தோலைக் கையில் எடுத்தபோதுதான் புரிந்தது. செருப்புக்கும் பைக்கும் வரும் குரோம் தோல் நனைத்து அழுத்தினால் வடிவம் பிடிக்காது, காய்ந்ததும் நெகிழ்ந்துவிடும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தும் பழைய முறைத் தோல் வேண்டும். திண்டுக்கல், திருச்சிப் பக்கம் பேர் பெற்ற தோல் அது. ஒரு துண்டு வாங்கி வந்து தண்ணீரில் ஊற வைத்தேன். பழைய வாஷரின் அளவுக்கே லேத்தில் ஒரு வளையமும் குமிழும் கடைந்து, நடுவில் தோலை வைத்து இறுக்கி, நிழலில் காய விட்டேன். கிண்ணமாக நின்றது. விளிம்பைச் சீவி, எண்ணெயில் ஊற வைத்து, வழிந்தது போகத் துடைத்து மாட்டினேன்.

ஸ்பிரிங்கில் தப்பு செய்தேன். உடைந்ததை அளக்காமல், கண் மதிப்பில் நீளம் சொல்லி ஒருவரிடம் சுற்றி வாங்கினேன். "நல்ல ஸ்ட்ராங்கா போட்டிருக்கேன்" என்று கொடுத்தார். மாட்டினால் குழல் முழுதாக மடங்கவே இல்லை. காரணம் எளிய கணக்கு. கம்பி 3 மில்லிமீட்டர், சுற்று 36 என்றால், ஒன்றோடொன்று ஒட்டி அமுங்கினாலும் 108 மில்லிமீட்டர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் பிஸ்டன் பூட்டில் விழாது. இன்னும் பலம் கொடுத்து மடக்கினால் இணைப்பே வளையும். பிறகு உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து, கம்பியின் கனம், வெளி விட்டம், சுற்று எண்ணிக்கை, இரு முனையும் தட்டையாக அரைத்திருப்பது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது ஸ்பிரிங் பழையதைப் போலவே போய் உட்கார்ந்தது. தேய்ந்ததும் உடைந்ததும்தான் நமக்கு வரைபடம். புதுப் பாகம் வந்து வேலை செய்யும் வரை ஒரு துணுக்கைக்கூடக் குப்பையில் போடாதீர்கள்.

விஷயம் தெரிந்து மூணாறு எஸ்டேட்டிலிருந்து ஒருவர் பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய துப்பாக்கி கொண்டுவந்தார். ஒரு திருகாணி இல்லை, அவ்வளவுதான். ஆனால் பழைய பிரிட்டிஷ் சாமான்களில் மரை வேறு. பி.ஏ. என்ற பிரிட்டிஷ் மரை வகையில் பூஜ்யம் எண் திருகாணி 6 மில்லிமீட்டர் கனம், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி. நம் 6 மில்லிமீட்டர் திருகாணியும் அப்படியே. ஆனால் மரையின் கோணம் அதில் 47.5 டிகிரி, இதில் 60. ஏறுவது போல ஏறி, உள் மரையைத் தின்றுவிடும். அவர் துப்பாக்கியின் துளையை முதலில் மெழுகில் அச்செடுத்து, மரை கேஜ் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் கடைந்தேன்.

மாமாவின் துப்பாக்கிக் கட்டையை நான் பாலிஷ் போடவில்லை. ஆளிவிதை எண்ணெய் தேய்த்ததோடு சரி. அவர் கன்னம் பதிந்து மழுங்கிய இடம் அப்படியே இருக்கிறது. பத்து மீட்டரில் காகிதம் ஒட்டி, ஈயக் குண்டு போட்டுத்தான் சுடுகிறேன். குண்டில்லாமல் விசையை இழுத்தால் முன்னால் தாங்கும் காற்றழுத்தம் இருக்காது, பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதும்.

உடைந்த ஸ்பிரிங், பழைய வாஷர், கடைந்த வளையம், குமிழ் எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. உள்ளே ஒரு சீட்டில் அளவுகளை எழுதிப் போட்டிருக்கிறேன். துப்பாக்கி யார் கைக்குப் போனாலும் அந்த பாட்டிலும் கூடவே போகும் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.