அப்கிரேடு முடிந்தது, சர்வர் படுத்துக்கொண்டது

வணக்கம். மைக் ஓடுகிறது, திரையும் பதிவாகிறது. சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை இரவு அப்கிரேடு. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், 11ஆம் பதிப்பிலிருந்து 15க்கு. அதற்கென்றே இருக்கும் பிஜி அப்கிரேடு கருவி ஒரு பிழைகூடச் சொல்லாமல் ஓடி முடிந்தது. அப்ளிகேஷனைத் திறந்து நாலைந்து பக்கங்களைத் தட்டிப் பார்த்தேன், எல்லாம் வந்தன. நிம்மதியாகப் போய்ப் படுத்தேன். திங்கள் காலை ஒன்பதரைக்கு ஃபோன்: “ரிப்போர்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வரவே மாட்டேன் என்கிறது.” பத்து மணிக்கு சிபியு நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. யாரையும் குறை சொல்ல முடியாது, அப்கிரேடு செய்தது நான்தான்.

அன்றைக்கு முதல் இரண்டு மணி நேரம் நான் செய்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வரின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பைத் திறந்து, கண்ணில் பட்டதையெல்லாம் ஏற்றினேன். ஒர்க் மெம், அதாவது வேலைக்கான மெமரி வரம்பு, 4 எம்பி என்று இருந்தது, 256 ஆக்கினேன். அது ஒரு கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்று கொடுக்கிற அளவு இல்லை. ஒரே குவெரிக்குள், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரே கேள்விக்குள், நடக்கும் ஒவ்வொரு சார்ட்டும் (அடுக்கும் வேலை), ஒவ்வொரு ஹாஷும் (பொருத்தித் தேடும் வேலை) தனித்தனியாக அவ்வளவு எடுத்துக்கொள்ளலாம். இருநூறு கனெக்‌ஷன் இருக்கிற சர்வரில் அதைச் செய்தால் என்ன ஆகும்? மெமரி தீர்ந்தது, லினக்ஸ் கர்னல் ஒரு ப்ராசஸைக் கொன்றது, போஸ்ட்கிரஸ் மீதிக் கனெக்‌ஷன்களையும் அறுத்துவிட்டுப் புதிதாக எழுந்தது.

அப்புறம் ஷேர்ட் பஃபர்ஸ், டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் இடம். அது வெறும் 128 எம்பியில் இருந்ததைப் பார்த்ததும்தான் ஒன்று உறைத்தது. பிஜி அப்கிரேடு டேட்டாவைத்தான் கொண்டுவரும், பழைய கான்ஃபிக் கோப்பைக் கொண்டுவராது. புதிய கிளஸ்டர், அதாவது புதிய பதிப்பின் டேட்டாபேஸ் தொகுப்பு, டிஃபால்ட் அளவுகளோடுதான் பிறக்கும். பழைய கோப்பிலிருந்ததை நாம்தான் எடுத்து எழுத வேண்டும், நான் எழுதவில்லை. அதைச் சரிசெய்தது நல்லதுதான், ஆனால் ஷேர்ட் பஃபர்ஸை மாற்ற ரீஸ்டார்ட் வேண்டும். ஒரே தடவையில் அளவு பிடிபடாமல் மூன்று ரீஸ்டார்ட் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் பஃபர் காலியாகி முதலிலிருந்து நிரம்பத் தொடங்கும். பன்னிரண்டு மணிக்கு எது அப்கிரேடால் வந்த மந்தம், எது என் கைவேலையால் வந்த மந்தம் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் இப்போது எந்த சர்வரைப் பார்த்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு கேள்வி கேட்கிறேன். எல்லாமே மந்தமா, சில குவெரிகள் மட்டுமா? நேரம் போகப் போகக் குறைகிறதா, அப்படியே நிற்கிறதா? எல்லாமே மந்தம், ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகிறது என்றால் அது கேஷ் சூடாகாத கதை, டேட்டா இன்னும் மெமரிக்கு வந்து சேரவில்லை, பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியாதென்றால் பிஜி ப்ரீவார்ம் என்ற எக்ஸ்டென்ஷன் முக்கிய டேபிள்களை முன்கூட்டியே மெமரியில் ஏற்றிவிடும். எல்லாமே மந்தம், மாறவே இல்லை என்றால் கான்ஃபிக், டிஸ்க், மெஷின் பக்கம் போக வேண்டும். ஆனால் பத்துக் குவெரியில் எட்டு பறக்கிறது, இரண்டு மட்டும் படுத்துவிட்டது என்றால் கான்ஃபிக் கோப்பை மூடிவிடுங்கள். பிளான், அதாவது குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று டேட்டாபேஸ் போடும் திட்டம், மாறியிருக்கிறது.

எந்த இரண்டு என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு குவெரியும் எடுத்த நேரத்தைக் குறித்து வைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் போதும். மொத்த நேரத்தை வைத்து இறங்கு வரிசையில் அடுக்கினால் முதல் ஐந்து வரியிலேயே ஆள் அகப்பட்டுவிடுவான். இதிலும் ஒரு வேடிக்கை. என் பழைய ஸ்கிரிப்ட் ‘டோட்டல் டைம்’ என்ற நெடுவரிசையைக் கேட்டது, அப்படி ஒன்று இல்லை என்று சர்வர் சொன்னது. 13ஆம் பதிப்பிலேயே அதன் பெயரை ‘டோட்டல் எக்ஸெக் டைம்’ என்று மாற்றிவிட்டார்கள். சர்வர் எரிந்துகொண்டிருக்கும்போது அதைத் தேடி எடுத்தேன்.

இப்போது திரையைப் பாருங்கள். இது அன்றைய சர்வர் இல்லை, அதே மாதிரி நான் கட்டிய சோதனை டேட்டாபேஸ். பழைய ஆர்டர்கள் டேபிள், 2 கோடி வரிசை. குவெரியில் மூன்று நிபந்தனை: நிலை இது, கிளை இது, கட்டண முறை இது. அந்த ஆர்டர்களுக்கான பொருட்களை இன்னொரு டேபிளிலிருந்து ஜாயின் செய்கிறோம். குவெரியை ஓட்டி அதன் பிளானையும் நேரத்தையும் காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ், கூடவே பஃபர்ஸ் போட்டு ஓட்டுகிறேன். காத்திருங்கள்... இரண்டு நிமிடம் ஆகும், அதை எடிட்டில் வெட்டிவிடுகிறேன்.

வந்துவிட்டது. இந்த வரியில் இரண்டு எண் இருக்கின்றன. பிளானர், அதாவது பிளான் போடும் பகுதி, எதிர்பார்த்தது 3 வரிசை. உண்மையில் வந்தது 6 லட்சத்துச் சொச்சம். மூன்று வரிசைதானே என்று நம்பி அது நெஸ்டட் லூப்பை, ஒவ்வொரு வரிசைக்கும் அடுத்த டேபிளில் தனியாகத் தேடும் முறையை, எடுத்திருக்கிறது. மூன்று தடவை இன்டெக்ஸில், அதாவது தேடலுக்கான அட்டவணையில், போய் எடுத்துவந்தால் முடிந்தது, அதுவரை நியாயமான முடிவு. கீழே உள்ள இன்டெக்ஸ் ஸ்கேனில் நேரம் 0.2 மில்லிசெகண்ட் என்று போட்டிருக்கிறதே, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஒரு சுற்றுக்கான சராசரி. பக்கத்தில் லூப்ஸ் என்று இருப்பதோடு பெருக்க வேண்டும். 0.2 பெருக்கல் 6 லட்சம், ஒரு லட்சத்து இருபதாயிரம் மில்லிசெகண்ட். வெட்டிய அந்த இரண்டு நிமிடம் இங்கேதான் போயிருக்கிறது.

சரி, அந்த 3 எங்கிருந்து வந்தது? எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இதுதான். டேபிளின் ஒரு நெடுவரிசையில் எந்த மதிப்பு எவ்வளவு தடவை வருகிறது என்ற கணக்கை போஸ்ட்கிரஸ் தனியாகச் சேர்த்து வைத்திருக்கும். அந்தக் கணக்கு இல்லாதபோது, இந்த நெடுவரிசையில் 200 வெவ்வேறு மதிப்புகள் இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பு எடுத்துக்கொள்ளும். சமம் என்ற நிபந்தனைக்கு இருநூறில் ஒரு பங்கு தேறும் என்று கணக்கிடும். 2 கோடியில் இருநூறில் ஒன்று 1 லட்சம். இரண்டாவது நிபந்தனைக்கு மறுபடி இருநூறில் ஒன்று, 500. மூன்றாவதுக்கு மறுபடி, இரண்டரை. ஆக இரண்டோ மூன்றோ. நம் டேபிளில் நிலை என்ற நெடுவரிசையில் உண்மையில் இருப்பது நான்கே நான்கு மதிப்பு. அது பிளானருக்குத் தெரியாது, ஏனென்றால் அந்தக் கணக்கைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

18க்கு முந்தைய பதிப்புகளில் பிஜி அப்கிரேடு இந்தக் கணக்குகளைக் கொண்டுவராது. ஓடி முடிந்ததும் கடைசியில், இன்ன கட்டளையை ஓட்டுங்கள் என்று அதுவே எழுதிக் காட்டும். நான் அந்த வரியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு டெர்மினலை மூடினேன்.

இப்போது இந்த டேபிளில், அந்தக் கணக்கைச் சேர்க்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டுகிறேன். முழு டேபிளையும் படிக்காது, மாதிரி எடுத்துத்தான் கணக்குப் போடும், அதனால் சீக்கிரம் முடியும். அதே குவெரி மறுபடி. பாருங்கள், எதிர்பார்ப்பு 5 லட்சத்து எண்பதாயிரம், நெஸ்டட் லூப் போய், மொத்தமாக ஒரே தடவையில் பொருத்தும் ஹாஷ் ஜாயின் வந்துவிட்டது, நேரம் மூன்று செகண்ட். கான்ஃபிக்கில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

பின்னணியில் பராமரிப்பு வேலை பார்க்கும் ஆட்டோவேக்யூம் இதைத் தானாகச் செய்யாதா? செய்யும், பாதி. டேபிளில் மாற்றங்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அது அனலைஸ் ஓட்டும். பரபரப்பாக எழுதப்படும் டேபிள்கள் அன்று காலையிலேயே தாமாகச் சரியாகிவிட்டன. நான் சனிக்கிழமை தட்டிப் பார்த்த பக்கங்களோ சிறிய டேபிள்களை, அதுவும் பிரைமரி கீ வழியாகப் படிப்பவை. யாரும் எழுதாமல் படிக்க மட்டும் செய்கிற பழைய ஆர்டர்கள் டேபிளை ஆட்டோவேக்யூம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ரிப்போர்ட் நம்பியிருந்ததோ அதைத்தான். பார்ட்டிஷன் செய்த, அதாவது துண்டுதுண்டாகப் பிரித்து வைத்த டேபிள் என்றால் இன்னும் மோசம், தாய் டேபிளை ஆட்டோவேக்யூம் அனலைஸ் செய்வதே இல்லை. பெயரைச் சொல்லி நாம்தான் ஓட்ட வேண்டும்.

பெரிய டேட்டாபேஸ் என்றால் வேக்யூம்டிபி கட்டளையில் ‘அனலைஸ் இன் ஸ்டேஜஸ்’ என்று ஒன்று உண்டு. முதல் சுற்றில் மிகக் கரடுமுரடான கணக்கு, அப்புறம் கொஞ்சம் நல்லது, மூன்றாவதில் முழுசாக. அப்ளிகேஷனைச் சீக்கிரம் திறந்துவிட உதவும். ஆனால் ஏற்கெனவே கணக்கு இருக்கிற டேட்டாபேஸில் இதை ஓட்டாதீர்கள், நல்ல கணக்கைக் கரடுமுரடானதால் மாற்றிவிட்டுத்தான் மேலே ஏறும்.

அனலைஸ் ஓட்டியதும் அன்று எல்லாம் சரியாகிவிட்டதா? ஒன்று மிஞ்சியது. முன்பு 40 மில்லிசெகண்டில் வந்தது, இப்போது இரண்டு செகண்ட். எதிர்பார்த்த வரிசையும் வந்த வரிசையும் ஒத்துப்போகின்றன, பிளானும் ஒழுங்காக இருக்கிறது. எக்ஸ்பிளைன் வெளியீட்டின் அடியில் ஜேஐடி என்று ஒரு பகுதி இருந்தது, நான் அதுவரை அவ்வளவு கீழே போனதே இல்லை. குவெரியை மெஷின் கோடாக மாற்றி ஓட்டுகிற வசதி அது. 11இல் அறிமுகமானபோது அணைத்தே வைத்திருந்தார்கள், 12இலிருந்து டிஃபால்ட்டாகவே எரிகிறது. குவெரியின் மதிப்பிட்ட செலவு ஒரு லட்சத்தைத் தாண்டினால் உள்ளே வரும். என் குவெரி நிறைய பார்ட்டிஷன்களைத் தொடுவது, செலவு எளிதாக அந்தக் கோட்டைத் தாண்டியது. 40 மில்லிசெகண்ட் வேலைக்கு இரண்டு செகண்ட் கம்பைல். அந்த செஷனில் ஜேஐடியை ஆஃப் செய்து ஓட்டினேன், பழைய வேகம் வந்துவிட்டது. பெரிய ரிப்போர்ட்டுகள் ஓடும் சர்வரில் ஜேஐடி நல்லதுதான். சின்னச் சின்னக் குவெரிகள் ஆயிரக்கணக்கில் வரும் சர்வரில் நான் யோசிக்காமல் அணைத்துவிடுவேன்.

அதே 12இல் வித் குவெரிகளின், அதாவது ஒரு பகுதிக்குத் தனிப் பெயர் கொடுத்து எழுதும் குவெரிகளின், நடத்தையும் மாறியது. முன்பு வித் என்று எழுதினால் அது தனியாக ஓடி முடிந்த பிறகுதான் மீதி. சிலர் வேண்டுமென்றே பிளானரை மறிக்கும் வேலியாக அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். இப்போது ஒரே ஒரு இடத்தில் பயன்படும் வித்தை உள்ளே கரைத்துவிடும். பழைய நடத்தை வேண்டுமென்றால் மெட்டீரியலைஸ்ட் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்.

டேட்டாபேஸையும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் ஒரே இரவில் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்து வரிசைப்படுத்தும் விதியே மாறியது. பழைய விதியில் அடுக்கிய டெக்ஸ்ட் இன்டெக்ஸை அதற்கு முந்தைய லினக்ஸிலிருந்து அப்படியே தூக்கிவந்தால் பிரச்சினை மந்தம் இல்லை, இருக்கிற வரிசையை இல்லை என்று சொல்லும். அங்கே ரீஇன்டெக்ஸ் செய்யாமல், அதாவது இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டாமல், அப்ளிகேஷனைத் திறக்கவே கூடாது.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் இருக்கிறது. 8.0இல், பதில்களைச் சேமித்துத் திருப்பித் தரும் குவெரி கேஷையே எடுத்துவிட்டார்கள், அதை நம்பி ஓடிய அப்ளிகேஷன் மூச்சு வாங்கும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. பழைய டேபிளின் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்8 எம்பி3, அப்கிரேடுக்குப் பிறகு உருவாக்கிய புதிய டேபிள் டிஃபால்ட்டாக எம்பி4. இரண்டையும் டெக்ஸ்ட் நெடுவரிசையில் ஜாயின் செய்தால் பழைய பக்கத்தின் மதிப்பை ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டியிருக்கும், அங்கே இன்டெக்ஸ் பயன்படாது. 8.4இல் அடாப்டிவ் ஹாஷ் இன்டெக்ஸ், சேஞ்ச் பஃபரிங் என்ற இரண்டு வேக வசதிகளும் டிஃபால்ட்டாக அணைந்திருக்கும்.

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் நான் அதிகம் வேலை செய்ததில்லை. ஆனால் 2016 பதிப்பிலிருந்து அங்கே இருக்கும், குவெரிகளின் பிளான்களைச் சேமித்து வைக்கும் குவெரி ஸ்டோர் மேல் எனக்குப் பொறாமை உண்டு. அப்கிரேடு செய்துவிட்டுக் கம்பாட்டிபிலிட்டி லெவலை, அதாவது எந்தப் பதிப்பைப்போல நடக்க வேண்டும் என்ற அமைப்பை, பழையதிலேயே வைத்து, குவெரி ஸ்டோரை ஓடவிட்டுப் பிளான்களைச் சேர்த்த பிறகு லெவலை உயர்த்தலாம். ஏதாவது குவெரி படுத்தால் பழைய பிளானையே கட்டாயமாக்கலாம்.

அன்று எனக்குத் திரும்பிப் போகும் வழியும் இல்லை. டிஸ்க் மிச்சம் என்று லிங்க் முறையில், டேட்டா கோப்புகளை நகலெடுக்காமல் இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளும் முறையில், அப்கிரேடு செய்திருந்தேன். அதில் புதிய சர்வரை ஒருமுறை கிளப்பிவிட்டால் பழைய கிளஸ்டரை மறுபடி ஓட்டுவது பாதுகாப்பில்லை. அதைவிட எரிச்சல், ‘முன்பு இந்தக் குவெரி எந்தப் பிளானில் ஓடியது?’ என்று எல்லோரும் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. பழைய சர்வரோடு பிளானும் போய்விட்டது.

அதற்காகத்தான் இந்த ஃபோல்டர். திரையில் தெரிகிறதா? சர்வரின் அமைப்புகளைக் காட்டும் பிஜி செட்டிங்ஸ் முழுசும் ஒரு கோப்பு. ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸிலிருந்து மேலே இருக்கும் குவெரிகள் ஒரு கோப்பு. அந்தக் குவெரிகள் ஒவ்வொன்றின் எக்ஸ்பிளைன் அனலைஸும் தனித்தனி டெக்ஸ்ட் கோப்பு. அடுத்து அன்றைய அதே சர்வரை 18க்குக் கொண்டுபோகிறேன். இந்தத் தடவை கணக்குகள் பெரும்பாலும் கூடவே வந்துவிடும், பல நெடுவரிசைகளைச் சேர்த்துப் போடும் எக்ஸ்டெண்டட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மட்டும் வராது. 18இல் புதிய கிளஸ்டர் செக்சம், அதாவது டேட்டா கெட்டுப்போனதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண், போட்டே பிறக்கும், என் பழையதில் செக்சம் இல்லை, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிஜி அப்கிரேடு ஓடவே ஓடாது. அதை இப்போதே இந்தக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஃபோல்டரில் இப்போதைக்கு 23 பிளான். இன்னும் ஏழு எடுக்க வேண்டும், மாதக் கடைசி ரிப்போர்ட் ஓடட்டும் என்று காத்திருக்கிறேன்.