ஐ7 என்று பார்த்து ஏமாறாதீர்கள்! லப்டொப்பின் உண்மையான கழிவு இந்த ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது

(திரையில்: ஒரு மேசை, இரண்டு கறுப்பு லப்டொப். ஒன்றில் ஐ7 ஒட்டுத்தாள், மற்றதில் ஐ5.)

இந்த இரண்டையும் நன்றாகப் பாருங்கள். இடப்பக்கம் ஐ7, வலப்பக்கம் ஐ5. இவை கணினியின் மூளையான இன்டெல் புராசசரின் பெயர்கள். இரண்டு லப்டொப்பும் பாவித்தவை, இரண்டிலும் எட்டு ஜிபி ரேம். கடையில் ஐ7க்குப் பத்தாயிரம் ரூபா கூடச் சொன்னார்கள். பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் "30 வீதம் கழிவு" என்று ஒட்டியும் இருந்தார்கள். ஆனால் இதில் நல்ல லப்டொப் எது தெரியுமா? விலை குறைந்த ஐ5தான். எப்படி என்று காட்டுகிறேன், இருந்து பாருங்கள்.

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் இருந்து பேசுகிறேன். ஏ.எல். எழுதிவிட்டுக் கம்பஸுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளின் பெற்றோர்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். "தங்கச்சி, நல்ல கழிவில் ஒரு லப்டொப் எங்கே எடுக்கலாம்?" எங்கே என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் எதைப் பார்த்து எடுப்பது என்று தெரிய வேண்டும்.

ரிஃபர்பிஷ்ட் என்றால், வெளிநாட்டு அலுவலகங்கள் சில வருடம் பாவித்துவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுகிற கணினிகளைத் துடைத்து, பழுது பார்த்து, திரும்ப விற்பது. அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போவோம்.

(திரையில்: செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட். புராசசர் பெயரை வட்டமிட்டுக் காட்டவும்.)

ஒட்டுத்தாளை விடுங்கள், அதை யார் வேண்டுமானாலும் மாற்றி ஒட்டலாம். கணினியைப் போட்டு இந்த இடத்துக்கு வாருங்கள். இடப்பக்கத்தில் இருப்பது ஐ7-7500யூ. வலப்பக்கத்தில் இருப்பது ஐ5-8250யூ. கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஒன்று ஏழாம் தலைமுறை, மற்றது எட்டாம் தலைமுறை. 10210 மாதிரி 1இல் தொடங்கினால் முதல் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், அது பத்தாம் தலைமுறை.

ஒரு தலைமுறைதானே வித்தியாசம் என்று நினைப்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். லப்டொப்புக்கு வந்த, பெயர் 'யூ'வில் முடிகிற இந்தப் புராசசர் சில்லுகளில் ஏழாம் தலைமுறை வரைக்கும், பெயர் ஐ7 ஆனாலும் சரி, ஐ5 ஆனாலும் சரி, உள்ளே இரண்டு கோர்தான், அதாவது வேலை செய்கிற இரண்டு பகுதிதான். 2017 ஆகஸ்டில் எட்டாம் தலைமுறை வந்தபோது இன்டெல் அதை நான்காக்கிவிட்டது. மின்சாரக் கணக்கு மாறவில்லை, முந்தியும் 15 வாட், பிந்தியும் 15 வாட். அதே வருடம் மார்ச்சில் இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் ரைசன் சில்லுகளைக் கொண்டுவந்திருந்தது. எதிரில் இன்னொரு கடை திறந்தால்தான் பழைய கடைக்காரர் அளந்து கொடுப்பார் என்பார்களே, நான் இதை அப்படித்தான் பார்க்கிறேன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த ஐ7இல் 2.7 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். ஐ5இல் வெறும் 1.6. எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் ஐ7ஐத்தான் தூக்குவார். ஆனால் அது அடிப்படை வேகம் மட்டும். வேலை வந்தால் ஐ7 3.5 வரைக்கும் ஏறும், ஐ5 3.4 வரைக்கும் ஏறும். கிட்டத்தட்டச் சமம்தான். நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் எவ்வளவு வேகமாக இழுத்தாலும், அதே வலையை நான்கு பேர் சேர்ந்து இழுத்தால் எது முதலில் கரைக்கு வரும்? பிரவுசரில் பத்துப் பக்கம், சூம் வகுப்பு, பக்கத்தில் ஒரு வேர்ட் கோப்பு என்று திறந்து வைத்திருக்கும்போது அந்த நான்கு பேரின் அருமை தெரியும்.

இதே எட்டு இன்னொரு இடத்திலும் கோடு கிழிக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு, ஓரிரு விதிவிலக்குத் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அலுவலகங்கள் பழையவற்றைத் தள்ளிவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறை லப்டொப்புக்கு 30 வீதக் கழிவு என்றால் அது கழிவே இல்லை. விலை தானாக அதைவிடக் கீழே இறங்க வேண்டியது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஓடும், ஆனால் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உறுதியை மைக்ரோசொஃப்ட் தரவில்லை.

அதற்காக ஏழாம் தலைமுறை குப்பை என்று சொல்ல மாட்டேன். உண்மையாகவே அடிமட்ட விலைக்குக் கிடைத்தால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட்டை இலவசமாக ஏற்றுங்கள், வேர்டுக்குப் பதிலாக லிப்ரெ ஒஃபிஸையும் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் தட்டச்சுப் பழக அருமையான கணினி. என் அக்காவின் மகன் அப்படி ஒன்றில்தான் தமிழ் தட்டச்சு பழகினான்.

சரி, எந்த மொடல்? என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன்: டெல்லில் லட்டிடியூட், எச்பியில் எலைட்புக், லெனோவோவில் திங்க்பேட். இவை அலுவலகங்களுக்காகச் செய்தவை. முதலில் வாங்கிய கம்பனி முழு விலையையும் கொடுத்துவிட்டது. முதல் மூன்று நான்கு வருடத்தில் விழுகிற விலையை அவர்கள் சுமந்துவிட்டார்கள், அதுதான் உங்களுக்குக் கிடைக்கிற பெரிய கழிவு. திங்க்பேட் டி480 என்று ஒன்று, 2018இல் வந்தது. அதில் இரண்டு பற்றரி. உள்ளே ஒன்று, அடியில் கழற்றக்கூடிய ஒன்று. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிப் பற்றரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், அணையாது. முதன்முதலில் செய்து பார்த்த அன்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

(திரையில்: கருப்புக் கட்டளைச் சாளரம். பற்றரி அறிக்கைக்கான கட்டளையைப் பெரிதாகக் காட்டவும்.)

இப்போது கடையில் நிற்கிறீர்கள். powercfg /batteryreport என்ற இந்தக் கட்டளையை அடியுங்கள், ஒரு நிமிடத்தில் பற்றரி அறிக்கை வரும். அதில் இரண்டு எண்களை மட்டும் பாருங்கள்: புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது. நான் போன மாதம் பார்த்த ஒன்றில் 48,000 இருக்க வேண்டிய இடத்தில் 31,000தான் இருந்தது. அதாவது 65 வீதத்துக்கும் கீழே. கடைக்காரரிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"நானா, பற்றரி இவ்வளவுதான் நிக்குது. புதுப் பற்றரிக் காசைக் கழிச்சுத் தாங்க."

"தங்கச்சி, இதெல்லாம் எங்க படிச்ச நீங்க?" என்று சிரித்தார். கழித்தும் தந்தார். சத்தம் போட்டுப் பேரம் பேசத் தேவையில்லை, எண்ணைக் காட்டினால் போதும்.

அடுத்தது நம் ஊருக்கென்றே ஒரு சோதனை. உப்புவெளி என்று பெயரிலேயே உப்பு இருக்கிற ஊர் பக்கத்தில் இருக்கிறது. கடற்கரை வீட்டில் திறந்து கிடந்த கணினி எப்படி ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா? போன் டோர்ச்சை யூஎஸ்பி ஓட்டைக்குள் அடித்துப் பாருங்கள். உலோகத் தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு பூத்திருந்தால், அடியில் உள்ள திருகாணிகள் பழுப்பாக இருந்தால், வைத்துவிட்டு வாருங்கள். அது வெளியில் தெரிகிற அரிப்பு. உள்ளே போர்டில் என்ன நடந்திருக்கிறது என்று கடையில் நின்று பார்க்க முடியாது.

அப்புறம் கணினியைத் திரும்பப் போட்டு, டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவோ திங்க்பேட் என்றால் எஃப்1 அழுத்துங்கள். பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குப் போகும்போது கடவுச்சொல் கேட்டு, அது கடைக்காரருக்கும் தெரியாது என்றால் அதை வாங்க வேண்டாம்.

இனி எங்கே வாங்குவது. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடைக்குக் கடை போட்டி, விலை குறைவுதான். ஆனால் திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். நான் ஒருமுறை இங்கத்தைய விலையைவிடப் பன்னிரண்டாயிரம் குறைவு என்று இரவு ரயிலில் போய் வாங்கிவந்தேன். இரண்டாம் மாதம் சார்ஜ் ஏறுகிற இடம் ஆடத் தொடங்கியது. உத்தரவாதம் இருந்தது, ஆனால் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பயணம், எடுத்துவர ஒரு பயணம். டிக்கட், சாப்பாடு, வேலைக்குப் போகாத இரண்டு நாள். பன்னிரண்டாயிரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது. இப்போது என் கணக்கு இது: வித்தியாசத்தில் இருந்து மூன்று பயணச் செலவைக் கழிப்பேன். மிஞ்சினால் கொழும்பு, மிஞ்சாவிட்டால் நம் ஊர்க் கடை. மூதூர், கிண்ணியா, குச்சவெளி உறவுகளும் இப்படிப் போட்டுப் பாருங்கள். இக்மன் மாதிரித் தளங்களில் தனியாளிடம் வாங்குவதென்றால் நேரில் பார்க்காமல் முற்பணம் அனுப்பாதீர்கள்.

புதிது வாங்குகிறவர்களுக்கு. சித்திரைப் புத்தாண்டு, 11.11, டிசம்பர் என்று விற்பனைக் காலங்கள் வரும். மூன்று கிழமைக்கு முன்பே விலையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், ஏற்றிவிட்டு இறக்குகிறார்களா என்று தெரிந்துவிடும். வட்ஸ்அப்பில் விலை கேட்டால் 18 வீத வற் வரி சேர்த்தா, காசுக்கா, கடனட்டைத் தவணைக்கா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பை, மவுஸ், ஹெட்செட் இலவசம் என்றால் "அது வேண்டாம், அந்தக் காசுக்கு ரேமைக் கூட்டித் தாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். 2025 கடைசியில் இருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறிப்போனது. ஏஐக்கான தரவு நிலையங்களுக்கே அதிகம் போகிறது, ரேம் செய்கிற மைக்ரோன் நிறுவனம் குருசியல் என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எட்டு ஜிபியை இப்போது வாங்கிப் பிறகு கூட்டலாம் என்று முந்தி நானே சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கையில் இருக்கிற காசுக்கு 16 ஜிபி உள்ளே இருக்கிற கணினியைத் தேடுங்கள். பாவித்ததில் அது சுலபமாகக் கிடைக்கும்.

உங்களுக்கு யாராவது ஒரு லப்டொப் காட்டி விலை சொல்லியிருந்தால், அந்தப் புராசசர் எண்ணையும் சொன்ன விலையையும் கீழே எழுதுங்கள். கோட்டுக்குப் பிறகு வரும் இலக்கங்களை விடாமல் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் போடுகிறேன்.