108 நாள் எரிந்த விளக்கு

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், பெங்களூரு அல்சூரில் கூடியிருக்கும் தமிழ்ப் பெருமக்களுக்கும் வணக்கம். பணயக் கைதிகளை மீட்க ஆயுதக் குழுக்களோடு அரசு பேசத்தான் வேண்டும் என்னும் அணிக்காக வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரே வரியில் உங்கள் கைதட்டலை அள்ளிச் சென்றார். "ரவுடிக்கு ஒருமுறை மாமூல் கொடுத்த கடைக்காரர், கடையை மூடும்வரை கொடுத்துக்கொண்டேதான் இருப்பார்; பேசப் போகும் அரசும் அந்தக் கடைக்காரர்தான்" என்றார். நடுவர் அவர்களே, நான் கடைக்காரர் மகள். ஸ்ரீராமபுரத்தில் என் அப்பா முப்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தினார். ஆகவே அந்த வரிக்குப் பதில் சொல்லாமல் என்னால் இறங்கிப் போக முடியாது.

மாமூல் கொடுப்பவர் எடுத்து நீட்டுவது தம்முடைய கல்லாப் பணம். கொடுக்க மாட்டேன் என்று அவர் நிமிர்ந்து நின்றால் அடி விழுவதும் அவர்மேல்தான். அந்தத் துணிச்சலை நான் வணங்குகிறேன். பணயக் கைதியின் நிலை அதுவா? பேச மாட்டேன் என்று அறிவிப்பவர் தலைநகரத்தில் இருக்கிறார். துப்பாக்கி முனையில் உட்கார்ந்திருப்பவர் வேறொருவர். அடுத்தவர் உயிரை முன்னால் நிறுத்திவிட்டு நாம் காட்டும் உறுதிக்கு வீரம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பேசுவதும் கொடுப்பதும் ஒன்றே என்று நண்பர் எடுத்துக்கொண்டார். அங்கேதான் அவருடைய உவமை உடைகிறது. 1976-ல் இஸ்ரேலியர் பலரோடு கடத்தப்பட்ட ஏர் பிரான்ஸ் விமானம் உகாண்டாவின் எண்டெபியில் நின்றபோது, இஸ்ரேல் பேசத் தயார் என்று அறிவித்தது. ஜூலை 1 என்றிருந்த கெடு ஜூலை 4-க்குத் தள்ளிப்போனது. அந்த மூன்று நாட்கள் கிடைத்ததால்தான் படை திட்டமிட்டுப் போய் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டுவந்தது. எதிரணி வீரத்துக்குச் சான்றாக எப்போதும் காட்டும் அந்த நடவடிக்கைக்கு நேரம் வாங்கித் தந்ததே பேச்சுதான்.

காந்தஹாரைச் சொல்வீர்கள், அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. 1999 டிசம்பரில் ஆப்கானிஸ்தானின் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட நம் ஐசி 814 விமானத்துக்காக மசூத் அசார் உட்பட மூவரை விட்டோம். வெளியே போன அசார் ஜெய்ஷ்-ஏ-முகமது அமைப்பைத் தொடங்கினார். அந்த வலியை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எரிபொருள் குறைந்த விமானம் நம் மண்ணில், அமிர்தசரஸில், முக்கால் மணி நேரம் அளவுக்கு நின்றதே, அதை அங்கேயே நிறுத்திவைக்க நம்மால் ஏன் முடியவில்லை? பிடி நழுவி, தாலிபான் மண்ணில் விமானம் இறங்கிய பிறகு, முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகளும் 20 கோடி டாலரும் என்று தொடங்கிய கோரிக்கையை மூன்று பேரில் கொண்டுவந்து நிறுத்தியதும் பேச்சுதான். அந்த மூவரையும் விட்டிருக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அவரோடு நான் வாதாடலாம். பேசியிருக்கவே கூடாது என்றால், விமானத்தில் இருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களின் வீடுகளுக்கு நாம் என்ன சொல்லியிருப்போம்?

நடுவர் அவர்களே, இப்போது என் அப்பாவின் கடைக்கு வருகிறேன். 2000-ஆம் ஆண்டு ஜூலை 30. காஜனூர் பண்ணை வீட்டிலிருந்து எழுபத்தொரு வயது கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கொண்டுபோனான். அவனோடு தமிழ்த் தேசிய ஆயுதக் குழுவினரும் இருந்தனர். கோரிக்கைகளில் அரசியலும் கலந்திருந்தது. மறுநாள் பெங்களூரு அடங்கிப்போனது. பள்ளிகள் மூடப்பட்டன, பேருந்துகள் நின்றன. 1991-ல் காவிரிக் கலவரத்தின்போது மூட்டை கட்டிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் ஓடிய குடும்பங்கள் இந்த அரங்கிலும் இருக்கும். எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. அப்பா ஒரு சொல்லும் பேசாமல் கடையின் தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றி, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சாய்த்துவைத்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது.

எதிர்வீட்டில் ஒரு கன்னடத்து அஜ்ஜி, அதாவது பாட்டி, இருந்தார். ராஜ்குமார் வரும்வரை வாசலில் விளக்கு ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். பாதி இறக்கிய ஷட்டருக்கு முன்னால் வந்து, சிறிய புட்டியை நீட்டி, நல்லெண்ணெய் கேட்டார். அப்பா ஊற்றிக் கொடுத்துக் காசு வேண்டாம் என்றார். அஜ்ஜி காசைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, "உங்கள் ஊர்க்காரன்தானே கொண்டுபோனான்" என்று கன்னடத்தில் சொன்னார். அப்பாவுக்கு மறுமொழி வரவில்லை.

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். தூதுவராகக் காட்டுக்குள் போனவர் சென்னைப் பத்திரிகையாளர் நக்கீரன் கோபால். ஆகவே காட்டுச் செய்தி தமிழ்ப் பத்திரிகையில் விரிவாக வருமென்று அஜ்ஜி கருதினார். புட்டியை நீட்டிவிட்டு, "என்ன போட்டிருக்கிறார்கள், படித்துச் சொல்" என்பார். அப்பா தமிழில் படித்துக் கன்னடத்தில் சொல்வார். காட்டிலிருந்து ஒலிநாடா வந்தது என்றால் அதை இரண்டு முறை சொல்லச் சொல்வார். ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. ஷட்டர் ஒவ்வொரு சாணாக மேலே ஏறியது. அஜ்ஜி உட்கார ஒரு முக்காலி வந்தது. எங்கள் அம்மா காபி கொடுத்தார். தூது காட்டுக்குள் இருக்கும்வரை அஜ்ஜிக்கு நாளைக்குக் கேட்க ஒரு செய்தி இருந்தது. அந்த நாளைய செய்திதான் எங்கள் தெருவைக் கலவரம் இல்லாமல் வைத்திருந்தது.

பேசாமல் படையை அனுப்பியிருக்க வேண்டும் என்கிறீர்கள். இருட்டுக் காட்டில் சுட்டு, அந்தப் பெரியவர் உடலாக வந்திருந்தால்? 2006 ஏப்ரலில் அவர் வீட்டில் இயற்கையாக இறந்தபோதே இந்த நகரம் கொந்தளித்தது, உயிர்கள் போயின. 2000-ல் காட்டிலிருந்து அப்படி ஒரு செய்தி வந்திருந்தால், ஸ்ரீராமபுரத்தையும் அல்சூரையும் நினைத்துப் பாருங்கள்.

வீரப்பன் கேட்டபடி, தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் அடைபட்டிருந்த கைதிகளை விடுவிக்கக் கர்நாடக, தமிழக அரசுகள் முன்வந்தபோது, வீரப்பனால் கொல்லப்பட்ட காவல் அதிகாரி ஒருவரின் தந்தை உச்ச நீதிமன்றம் சென்று அதைத் தடுத்தார். அந்தத் தந்தையின் முன்னால் என் அணி தலைகுனிந்து நிற்கும். ஆயினும் அந்தத் தடைக்குப் பிறகும் பேச்சு நிற்கவில்லை, பழ. நெடுமாறன் உள்ளிட்டோர் காட்டுக்குள் சென்றனர். பணம் கைமாறியது என்ற பேச்சு இன்றும் உண்டு. மாறியிருந்தால் அது தவறு, அதற்காக நான் வாதாட மாட்டேன். 2002-ல் முன்னாள் அமைச்சர் நாகப்பாவை அதே வீரப்பன் கடத்தினானே என்று நண்பர் கேட்டார். அந்தக் கேள்வி என்னையும் உறுத்துகிறது. அந்த முறை தூது கைகூடவில்லை; டிசம்பரில் காட்டில் அவருடைய உடல்தான் கிடைத்தது.

2012-ல் சத்தீஸ்கரின் சுக்மா மாவட்ட ஆட்சியர் அலெக்ஸ் பால் மேனனை மாவோயிஸ்டுகள் கடத்தினார்கள். காவலர் இருவர் உயிரிழந்தனர். அவர் நம் திருநெல்வேலிப் பிள்ளை, ஆஸ்துமா உள்ளவர். முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் மனீஷ் குஞ்சாம் மருந்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார். இரு தரப்பு நடுவர்களும் ராய்ப்பூரில் உட்கார்ந்து பேசினார்கள். மே 3 அன்று மேனன் திரும்பினார். பேசவே கூடாது என்ற விதி இருந்திருந்தால், அந்த மருந்து எந்த வழியாகப் போயிருக்கும், நடுவர் அவர்களே?

2000 நவம்பர் 15 அன்று, 108 நாட்களுக்குப் பிறகு, ராஜ்குமார் விடுதலையானார். செய்தி வந்ததும் அஜ்ஜி தெருவைக் கடந்து ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். கையில் புட்டி இல்லை. முக்காலியில் உட்காரவில்லை. அப்பாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அண்ணாவ்ரு பந்த்ரு, அண்ணாவ்ரு பந்த்ரு", அண்ணன் வந்துவிட்டார் என்று அழுதார். அப்பாவும் அழுதார். பிறகு அஜ்ஜி என்னைப் பார்த்து, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த பலகையை எடுத்துவரச் சொன்னார். அப்பா ஆணியடிக்கும்போது அதன் ஒரு முனையை அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.